வேன் அண்ணாவின் நம்பர்

என் கணவரின் மொபைல் நம்பரைக் கேட்டால் இன்றைக்கும் போனைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். என் நம்பருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனால் வேன் அண்ணாவின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ராகத்தோடு சொல்லிவிடுவேன். ராகம் அவர் போட்டது. முதல் பாதியைக் கடகடவென்று ஓட்டிவிட்டுக் கடைசி நான்கு எண்களை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாட வேண்டும். காலையில் தெருமுனையில் வேன் திரும்பும்போதே உள்ளேயிருந்து பிள்ளைகள் அதைக் கோரஸாகக் கத்துவது கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ வாய்ப்பாடு என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் பரவாயில்லை போலிருக்கிறது என்பார்கள்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. ராஜகீழ்பாக்கத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு, பாதி காலி மனை. பிள்ளைகள் மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவர் அவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. எல்.கே.ஜி. குழந்தைக்கும் அவர் வேன் அண்ணா, எனக்கும் வேன் அண்ணா, பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூலை வீட்டு சாருக்கும் வேன் அண்ணாதான். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு குட்டி போன் இருக்கும். அதில் அவர் பேசி நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அது இல்லாமல் அவரைப் பார்த்ததே இல்லை.

என் மகளை வேனில் சேர்க்கப் போனபோது நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் கிடைத்துவிட்டது. வேன் அண்ணாவிடம் கிடைக்கவில்லை. மகள் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு நம்பரைச் சொல்லிக்கொடுத்தார். அவள் பாதியில் திக்கினாள். எழுந்து என்னிடம், "நம்பர் மனப்பாடம் ஆவட்டும் மேடம், திங்கக்கெழமைலேர்ந்து ஏத்திக்கிறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பணம் கட்டுவது நான், பரீட்சை வைப்பது நீரா? அப்படியே ஒரு நம்பர் தெரிந்துதான் ஆக வேண்டுமென்றால் அம்மா அப்பா நம்பரைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்டேன்.

"உங்க நம்பர் அடுத்த வருஷம் இருக்குமா மேடம்?" என்றார்.

அந்த வருஷம் மட்டும் என் கணவர் ஏதேதோ சலுகைக்கு ஆசைப்பட்டு இரண்டு தடவை நம்பரை மாற்றியிருந்தார். தெருவில் எல்லோரும் அப்படித்தான். கேம்ப் ரோடு முனையில் குடையை விரித்து உட்கார்ந்த பையன்கள் புது சிம்மை ஏறக்குறைய சும்மாவே கொடுத்தார்கள். பேசக் காசும் கூடவே வந்தது. அது தீர்ந்ததும் சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அந்தக் குடைப் பையன் ஒருவன் வேன் அண்ணாவையும் மடக்கிப் பார்த்திருக்கிறான். நம்பரை மாத்திக்கறது பெருசில்ல தம்பி, இந்தப் பசங்க மண்டைல கீறத யாரு மாத்துறது என்று கேட்டுவிட்டு வேனை எடுத்துவிட்டாராம். பெரிய வகுப்புக்குப் போய் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்துவிட்ட பழைய பிள்ளைகளின் மண்டையிலும் அந்த நம்பர் இருந்தது. அவர்களையும் சேர்த்துத்தான் அவர் சொன்னார்.

அந்த நம்பருக்காக அவர் செலவழிக்க மாட்டார் என்று சொன்னால் தப்பு. பேசுவதற்குச் செலவழிக்க மாட்டார். அப்போதெல்லாம் ப்ரீபெய்ட் நம்பருக்கு ஆயுள் உண்டு. கெடு முடிவதற்குள் கார்டு போடாவிட்டால் முதலில் நாம் யாரையும் கூப்பிட முடியாது, பிறகு யாரும் நம்மைக் கூப்பிட முடியாது, அதற்கும் பிறகு நம்பரையே பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். சில கார்டில் பேச நிறையக் காசு இருக்கும், ஆயுள் கொஞ்சம்தான். சிலதில் ஆயுள் நீளமாக இருக்கும், பேசுவதற்கு ஒன்றும் தேறாது. எங்களுக்கு முதல் வகை. அவருக்கு எப்போதும் இரண்டாவது. ரீசார்ஜ் கடையில் அவர் கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். "பேச்சு வேணாம்பா. உசுரு மட்டும் குடு" என்பார். கடைக்காரரும் எதுவும் கேட்காமல் கார்டைக் கிழித்துக் கொடுப்பார்.

ஆகவே அவர் கையில் உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. ஒரு சின்ன அழைப்புக்குக் காணும் அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் புதையல்போலக் காப்பாற்றுவார். அதை வைத்துக்கொண்டுதான் ஊரையே நடத்தினார். காலையில் ஒரு ரிங் அடித்து நின்றால் வேன் தெருவுக்குள் வந்துவிட்டது, பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவா என்று அர்த்தம். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி ஏற்றிய பிறகு வீட்டுக்கு வீடு ரிங் விடுவார். உங்க வூட்டு ரிங் வந்தா உங்க புள்ள என் கையில கீதுன்னு அர்த்தம், அவ்ளோதான், என்பது அவர் சட்டம். எங்கள் வீட்டுக்கு வரும் ரிங் என் மகளுக்கு மட்டும். எதிர்வீட்டு நூர்ஜகான் அக்காவுக்கு வருவது அவர் மகனுக்கு மட்டும். ஒரு பிள்ளை லீவு என்றால் அந்த வீட்டுக்கு ரிங் போகாது. என் கணவர் அவருக்கு மிஸ்டு கால் மகாராஜா என்று பட்டமே கொடுத்திருந்தார். கஞ்சன் என்று சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

சட்டத்தின் முக்கியமான பகுதி, யாரும் போனை எடுக்கக் கூடாது. மூலை வீட்டு சார் இதை ஆரம்பத்தில் ஏற்கவே இல்லை. போன் அடித்தால் எடுத்து, வணக்கம் சொல்லி, யார் பேசுவது என்று கேட்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர். பேரன் வேனில் சேர்ந்த புதிதில் ஒரு காலை ரிங்கை எடுத்து அப்படியே செய்துவிட்டார். தெருவில் முதல் வீடு அவருடையது. அவர் வணக்கத்தோடு வேன் அண்ணாவின் மொத்தப் பேச்சும் போய்விட்டது. மற்ற வீடுகளுக்கு ரிங் வரவில்லை. நாங்கள் பாட்டுக்கு உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தோம். ஹாரன் கேட்டு ஓடிவந்து, பிள்ளைகள் தாமதமாகப் போய், பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். சாயங்காலம் வேன் அண்ணா சாரின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சார், ரிங்குக்குக் காசு போவாது. ஆனா உள்ள காசு கீதுன்னாத்தான் ரிங்கே போவும். நீங்க எடுத்தீங்கன்னா அது பூடும். அப்பால அடுத்த வூட்டுக்கு நான் இன்னாத்த உடறது?"

சார் அன்றைக்கு மாறியவர்தான். பள்ளிக்கூட நேரம் வந்தால் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பார். எங்கள் தெருவில் சட்டத்துக்கு அவரைவிடக் கறாரான காவல்காரர் பிறகு இல்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்கு உண்மையாகப் புரிந்தது சிங்கப்பெருமாள் கோவிலில்தான். அதாவது நான் அங்கே இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் போயிருந்தார்கள். நல்ல கூட்டம். மலையைச் சுற்றி வரும்போது யு.கே.ஜி. படிக்கும் அவர்கள் பையன் கையை விட்டுவிட்டான். அழுதுகொண்டு நின்றவனைப் பூக்கடை அம்மா ஒருத்தி இழுத்து உட்காரவைத்து அப்பா நம்பர் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். அப்பா நம்பர் மாறி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பையன் அழுகைக்கு நடுவில் வேன் அண்ணா நம்பரைப் பாடியிருக்கிறான், கடைசி நான்கை இழுத்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே. அந்த அம்மா ஒரு ரூபாய் போனிலிருந்து அடித்தாள். இங்கே வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தவர் எடுத்தார். வந்த அழைப்புக்குக் காசில்லையே, தாராளமாகப் பேசினார். பூக்கார அம்மா புடவையை விடாதே என்று பையனிடம் சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு எங்கள் தெருவுக்கு ஓடிவந்து அப்பாவின் புது நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சார் வீட்டில் இருந்தது. அப்பா அம்மா பூக்கடையைக் கண்டுபிடித்தபோது பையன் மல்லிகைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தானாம்.

மறுநாள் எல்லோரும் அவரைக் கொண்டாடப் போனோம். அவருக்குக் கூச்சம். டயரை உதைத்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு, "அந்த நம்பர் செத்திருந்தா அந்தப் புள்ள யாருக்குப் பாடியிருக்கும் மேடம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என் கணவர் மகாராஜா பட்டத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது மழைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் தூறலாகத்தான் இருந்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள். அதன் பிறகு பிடித்தது பாருங்கள், எதிர்வீடு தெரியவில்லை. மதியம் நூர்ஜகான் அக்கா முக்காடு நனைய ஓடிவந்து, பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்களாம் என்றார். தாம்பரம் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அவர் கணவருக்கு யாரோ சொன்ன செய்தி. விட்டுவிட்டார்கள் என்றால் ஏற்றிய ரிங் வர வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் வந்திருக்கவில்லை. சார் வீட்டுக்கும் வரவில்லை.

லேண்ட்லைன் எல்லாம் காலையிலேயே செத்துவிட்டது. மொபைலில் வேன் அண்ணாவைக் கூப்பிட்டால் ஒன்று லைன் கிடைக்காது, கிடைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொல்லும். செம்பாக்கம் ஏரி நிரம்பி மெயின் ரோட்டுக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது, பஸ் நின்றுவிட்டது என்று நனைந்து வந்த ஒரு ஆட்டோக்காரர் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏதோ ஒரு ஸ்கூல் வேன் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றும் சொன்னார். எந்த வேன், என்ன கலர் என்று கேட்டோம். மழையில கலர் எங்கம்மா தெரியுது என்று போய்விட்டார்.

நூர்ஜகான் அக்கா உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு போர்ட்டிகோவில் மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். சார், மூலையில். அடுத்து, கோவிலில் தொலைந்த பையனின் அம்மா. அப்புறம் நான். எனக்கு எதிரே நூர்ஜகான் அக்கா. எங்களைத் தாண்டி இன்னும் சிலர். தெருக்கோடி வீட்டில் அந்த வாரம்தான் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் குடிவந்திருந்தாள். கணவருக்குக் காட்டாங்குளத்தூரில் கல்லூரி வேலை. பையனை வேனில் விட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அவள் வெளியே வரவில்லை, கதவு சாத்தியிருந்தது. அவளைப் பற்றி யோசிக்க அப்போது எங்களுக்கு நெஞ்சில் இடமில்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. திடீரென்று சாரின் போன் அடித்தது.

வழக்கமாக ஒன்றோடு நின்றுவிடும் ரிங் அன்று நிற்கவில்லை. மழைச் சத்தத்தில் காதில் விழ வேண்டும் என்று நீளமாக விடுகிறார் போலிருக்கிறது. அடித்துக்கொண்டே இருந்தது. சார் போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டார். அவர் பேரன் என்றால் அவருக்கு உயிர். எடுத்தால் பையன் குரல் கேட்கும். அவர் எடுக்கவில்லை. ரிங் நின்றது. அடுத்து பக்கத்து வீடு. ஒரு தடவை பிள்ளையைத் தொலைத்துப் பார்த்தவள் அவள். போனைப் புடவையில் சுற்றி வயிற்றோடு அழுத்திக்கொண்டு அழுதாள், எடுக்கவில்லை.

பிறகு என் கையில் அதிர்ந்தது. திரையில் வேன் அண்ணா என்று எழுத்து. என் கட்டைவிரல் பச்சைப் பொத்தான்மேல்தான் இருந்தது. அம்மா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே நூர்ஜகான் அக்கா தன் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்தேன். ரிங் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். அக்காவின் போன் அடித்தது.

அப்படியே ரிங் தெருவில் வீடு வீடாக நடந்துபோவதைக் காதால் கேட்டோம். ஒரு வீட்டில்கூட ஹலோ என்ற சத்தம் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது மழை விட்டது. ஒரு செங்கல் லாரி தெருவுக்குள் திரும்பியது. மேலே எங்கள் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் வேன் அண்ணா. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே வேனை மேட்டில் நிறுத்திவிட்டு, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மாடிக்கு எல்லோரையும் ஏற்றிவிட்டாராம். மொட்டை மாடிக்குப் போனால்தான் கொஞ்சம் சிக்னல் வந்ததாம். தலையில் சிமென்ட் சாக்கைப் போட்டுக்கொண்டு அங்கே நின்று ஒவ்வொரு வீடாக ரிங் விட்டிருக்கிறார். இதெல்லாம் என் மகள் சொன்னது. அவர் சொன்னது வேறு. "யூனிபார்ம்ல செங்கக் கறை கீது மேடம், ஊறப்போடுங்க. நாளிக்கு ரிங் வராது. பேச்சு காலி. ஹாரன் அடிக்கிறேன்." அதே லாரியில் ஏறி வேனைப் பார்க்கப் போய்விட்டார்.

பேச்சு காலி என்றதும் சார் முகம் மாறியது. யாரும் எடுக்கவில்லை என்றால் எப்படிக் காலியாகும்? யார் எடுத்தது என்று போர்ட்டிகோவில் நின்ற ஒவ்வொருவரையும் விசாரித்தார். எல்லோரும் குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தோம். அவருக்குத் திருப்தியில்லை. இவ்வளவு நடந்தும் நம் தெருவில் ஒருத்தருக்குக் கட்டுப்பாடு இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் இல்லை. சார் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வேன் அண்ணா வீடு எங்கே இருக்கிறது, நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"நேத்து அண்ணா எனக்குப் போன் பண்ணிப் பேசினாருங்க. 'நீங்க புதுசு, பயந்துக்கினு இருப்பீங்க'ன்னு சொல்லி இவன்கிட்ட குடுத்தாருங்க. பேசிட்டிருக்கும்போதே கட்டாயிருச்சு. ஆனா இவன் குரலைக் கேட்டப்புறம்தாங்க எனக்கு மூச்சே வந்துச்சு. உங்க குழந்தைங்கெல்லாம் உங்ககிட்ட என்னங்க பேசினாங்க?"

சட்டத்தை இன்னும் யாரும் சொல்லியிராத ஒரே வீடு அவளுடையது. ரிங் மட்டும் விட்டால் அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அதனால் அவளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அதுவரை தொடாமல் காப்பாற்றிய பேச்சையெல்லாம் அவளுக்கே கொடுத்துவிட்டார். எங்களில் ஒருத்தர் எடுத்திருந்தாலும் அவளுக்குப் போன் வந்திருக்காது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நூர்ஜகான் அக்காதான் அவள் தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பினார். "எங்க புள்ளைங்க யாரும் பேசலம்மா. அண்ணா ரிங் விட்டாரு" என்றார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். "அவங்க எடுக்கல. அந்த வீட்டுல எடுக்கல. இதோ இவங்க எடுக்கல. நானும் எடுக்கல."